யாரும் யாருக்கும் டீ கொடுக்காத ஆபீஸ்

எங்கள் ஆபீஸில் முதலாளியைவிட டீயக்காவுக்குத்தான் எல்லோரும் அதிகம் பயப்படுவோம். முதலாளி கத்தினால் காது வலிக்கும், அவ்வளவுதான். டீயக்காவுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு டீ ஆறிப்போய் வரும். அதுவும் கடைசியாக வரும்.

நாங்கள் ஆபீஸ் நாற்காலி செய்கிற கம்பெனி. கீழே பட்டறை, மாடியில் ஆபீஸ். நான் பில் போடும் பிரிவில் இருக்கிறேன். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு சமையலறை இருந்தது. ஒருவர் நின்றால் இன்னொருவர் ஒதுங்க இடம் கிடையாது. ஓர் அடுப்பு, அடி கறுத்த இரண்டு பாத்திரங்கள், ஜன்னல் கம்பியில் காய்கிற வடிகட்டித் துணி. அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். மேனேஜரே வாசலில் நின்றுதான் பேசுவார்.

அக்கா குள்ளம். நடை மட்டும் பறக்கும். தட்டை இடது கையில் ஏந்தி, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவாள். வாய் அதற்கும் முன்னால் வந்துவிடும். "என்ன, மூஞ்சி தொங்குது? வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே கோப்பையை வைப்பாள். நமக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அக்கா வீட்டில் கணவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மாட்டார். பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனதிலிருந்து அப்படித்தான். அவர் மருந்து, மகள் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த டீத்தட்டின் மேல்தான் நின்றன. ஊரையே மிரட்டுகிற அக்காவுக்கு இருந்த ஒரே பயம், இந்த வேலை போய்விடக் கூடாதே என்பதுதான். அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

முதலாளி பக்கவாதம் வந்து படுத்தார். அவருடைய மகள் பொறுப்புக்கு வந்தார். சின்ன வயதில் பட்டறையில் மரச்சீவலில் விளையாடின பெண் என்பதால் பழைய ஆட்கள் எல்லோருக்கும் அவர் பாப்பாதான். வெளிநாட்டில் படித்து, பெரிய பெரிய கம்பெனிகளைப் பார்த்துவிட்டு வந்தவர். முதல் நாளே எங்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"இனிமே இங்க யாரும் யாருக்கும் கீழ இல்ல. என்னை மேடம்னு கூப்பிடாதீங்க. நீ, வா, போன்னே பேசுங்க" என்றார்.

சம்பளம் கொடுக்கிறவரை 'நீ' என்று கூப்பிட எவருக்கு நாக்கு புரளும்? 'மேடம்' என்றாலோ அவர் முகம் வாடிவிடும். கடைசியில் எல்லோரும் ஒரு வழி கண்டுபிடித்தோம். "சாப்பிட்டாச்சா?", "பார்த்தாச்சா?", "கையெழுத்துப் போட்டாச்சா?" அதோடு சரி. ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவரை இன்னும் யாரும் எப்படியும் கூப்பிட்டதில்லை.

நல்லதும் செய்தார், இல்லையென்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். பட்டறைப் பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை வந்தது அவரால்தான். காது கேளாத ஒரு பெண்ணைத் தையல் பிரிவில் சேர்த்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும் சைகை கற்றுக்கொள்ள வைத்தார். பிள்ளை பெற்றவளுக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார். எல்லாம் மனதாரச் செய்தார். அதனால்தான் அவரைத் திட்டக்கூட முடியாமல் எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த வட்டம் நடக்கும். ஒரு திங்கட்கிழமை பேச்சு நடுவில் அக்கா தட்டோடு நுழைந்தாள். பாப்பா சட்டென்று எழுந்துபோய் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நாம எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். இவங்க மட்டும் நின்னுக்கிட்டு நமக்குப் பரிமாறணுமா? எனக்கு வெட்கமா இருக்கு" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும், "தட்டு சூடும்மா, கையைச் சுட்டுக்கப் போறீங்க" என்றாள்.

அன்றோடு முடிந்தது. இனி யாரும் யாருக்கும் டீ கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. மெஷின் வரும், அவரவர் பிடித்துக்கொள்ள வேண்டும், அவரவர் கோப்பையை அவரவரே கழுவ வேண்டும். டீயக்கா என்று கூப்பிடுவதும் கூடாது, அது அவமரியாதை, பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாங்களும் கூப்பிட்டுப் பார்த்தோம். யாரையோ கூப்பிடுகிறோம் என்று நினைத்து அவள் திரும்பவே இல்லை.

"அப்ப எனக்கு வேலை?" என்று அக்கா கேட்டாள்.

"வேலை எங்கேயும் போகாது. சம்பளம் ஒரு பைசா குறையாது. இனி நீங்க டீ போடுற ஆள் இல்ல, எங்கள்ல ஒருத்தர்."

அக்கா வீட்டுக்குப் போய்ச் சொன்னாளாம். கணவர் சிரித்தாராம். "சும்மா உட்கார்றதுக்குச் சம்பளமா? கரும்பு தின்னக் கூலியா? எனக்கும் ஒரு இடம் கேட்டுப் பாரேன். அதுல எனக்கு உன்னைவிட அனுபவம் ஜாஸ்தி."

சமையலறையை இடித்து, தரையில் மெத்தை போட்டு, மனம் சோர்ந்தவர்கள் கண்மூடி உட்காருகிற அறையாக்கினார்கள். அக்காவுக்கு எங்கள் கம்பெனியின் விலை உயர்ந்த நாற்காலி ஒன்றைப் போட்டு, கழுத்தில் அட்டையும் மாட்டினார்கள். அவள் உட்கார்ந்தாள். காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். நாளெல்லாம் ஓடிய கால்கள் வீங்கிப்போயின.

சும்மா இருக்க முடியாமல் மெஷினைத் துடைத்தாள். துடைப்பதற்கு முறை போட்டிருக்கிறது, உங்கள் முறை வரும்போது துடையுங்கள் என்றார்கள். கோப்பைகளைக் கழுவினாள். நம் ஆட்கள் கழுவுகிற லட்சணம் தெரியாதா? தண்ணீரைக் காட்டிவிட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். உதட்டுக் கறை அப்படியே இருக்கும். யாரும் பார்க்காதபோது அக்கா அவற்றை மறுபடி தேய்த்தாள். மாட்டிக்கொண்டாள். பாப்பா பக்கத்தில் உட்கார வைத்து, தோளைத் தொட்டு, இந்தப் பழக்கத்திலிருந்து நீங்கள் வெளியே வர வேண்டும் என்று கனிவாகச் சொன்னார். குடிகாரனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

பட்டறையில் பேக்கிங்குக்காவது அனுப்பச் சொல்லிக் கேட்டாள். "வாழ்க்கை முழுக்கச் சுமந்தது போதாதா?" என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் ஒரு திங்கட்கிழமை வட்டத்திலேயே எழுந்து நின்றாள்.

"எனக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா. கை காலு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். "இந்த ஆர்வம்தான் நமக்கு வேணும்" என்றார் பாப்பா. அக்கா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். அவள் என்ன கேட்டாள் என்பதே அங்கே யாருக்கும் காதில் விழவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து ஒரு குழு எங்கள் கம்பெனியைப் பார்க்க வந்தது. முற்போக்கான தொழிலதிபர்கள் என்று சொன்னார்கள். தொழிலாளியை மதிக்கிற கம்பெனி எப்படி இருக்கும் என்று பார்க்க வந்திருந்தார்களாம். அவர்கள் வந்திறங்கிய நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் வெந்நீரைத் துப்பியது.

பாப்பா அக்காவைத் தனியாக அழைத்தார். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும்..." என்று இழுத்தார். முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள். சமையலறைதான் இல்லையே. கீழே பட்டறையில் பசை காய்ச்சுகிற அடுப்பைத் துடைத்து, காவலாளியிடம் பாத்திரம் வாங்கி, மரத்தூளுக்கு நடுவில் நின்று டீ போட்டாள். உதவிக்கு நானும் போயிருந்தேன். அத்தனை மாதம் கழித்து அன்றைக்குத்தான் அவளுடைய பழைய வாய் திறந்தது. "ஏய், தூள் விழுது, தள்ளி நில்லு! பில் போடுற கையில பாலை வேற பிடிச்சுக்கிட்டு நிக்கிற" என்று என்னைத் திட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டீ மாடிக்குப் போனது. அக்கா கொண்டுபோகக் கூடாது, வந்தவர்கள் பார்த்துவிடுவார்களே. மேனேஜர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்காவைப் பின்படி வழியாக வரச்சொல்லி, புடவையிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, அவள் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பாப்பா ஒரு கோப்பையை எடுத்து வந்து, குனிந்து, அவள் கையில் கொடுத்தார்.

"முன்னாடி இவங்கதான் இங்க டீ போட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப நாங்க இவங்களுக்குக் கொடுக்கிறோம்" என்றார்.

படபடவென்று படம் எடுத்தார்கள். தான் போட்ட டீயைத் தனக்கே தானமாக வாங்கிக் குடித்தாள் அக்கா. டீ பிரமாதம் என்று வந்தவர்கள் சொன்னார்கள். யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது, எங்கள் வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது, எல்லோருடைய போனிலும் சுற்றியது.

அடுத்து ஓர் ஆலோசகர் வந்தார். கம்பெனிக்கு ஒரு நோக்கம் இருக்க வேண்டும், அதில் உன் பங்கு என்ன என்று ஒவ்வொருவரும் வட்டத்தில் நின்று சொல்ல வேண்டும் என்றார். காவலாளி கெட்டிக்காரர். "நான் கேட்டைத் திறக்கலீங்க, வாய்ப்பைத் திறக்கிறேன்" என்று ஒரே போடாகப் போட்டார். ஆலோசகர் பூரித்துப்போனார். அதற்கப்புறம் ஆளாளுக்கு அவிழ்த்துவிட்டோம். நான்கூட ஏதோ நம்பிக்கை, பாலம் என்று உளறி வைத்தேன். அக்காவின் முறை வந்தது.

"பொய் சொல்ல வரலைங்க. எனக்குத் தெரிஞ்சது டீ போடுறது. அதைத்தான் மெஷினுக்குக் குடுத்துட்டீங்களே. இப்ப நான் என்னத்தைச் சொல்ல?"

யாரும் கை தட்டவில்லை. ஆலோசகர் ஏதோ குறித்துக்கொண்டார்.

அந்த வாரமே பாப்பா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒளிவுமறைவு கூடாதென்று சுவர்களையெல்லாம் கண்ணாடியாக்கியிருந்தார்கள். ஆகவே நடந்தது எல்லோருக்கும் தெரிந்தது, பேசியதுதான் கேட்கவில்லை. பாப்பா நெடுநேரம் பேசினார். பிறகு அழுதார். அக்கா எழுந்து அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?" என்று வெளியே வந்தவளைக் கேட்டேன்.

"நான் சும்மா உட்கார்ந்து வாடறதைப் பார்க்க மனசு கேக்கலையாம். என்னைக் கட்டி வைக்கத் தனக்கு உரிமை இல்லையாம். எனக்குன்னு ஒரு நோக்கம் எங்கேயோ இருக்காம், போய்த் தேடிக்கணுமாம்." சொல்லிவிட்டுக் கழுத்து அட்டையைக் கழற்றினாள். "பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப அழுதுடுச்சு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் அதன் பல்லைப் பார்த்தாவது தப்பித்துக்கொள்ளலாம். நல்ல மனுஷி அழுதுகொண்டே வயிற்றில் அடித்தால் எங்கே போய் முறையிடுவது? சில மாதச் சம்பளத்தை முன்னாலேயே கொடுத்து, எல்லோரும் நின்று கை தட்டி அனுப்பி வைத்தோம்.

அக்கா எங்கள் தெருவிலுள்ள ஆபீஸ்களுக்கெல்லாம் ஏறி இறங்கினாள். அங்கெல்லாம் டீ போட ஆள் தேவைதான். ஆனால் அவள் முகம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "முதலாளியே குனிஞ்சு டீ குடுத்தாங்களே, அந்த அம்மாதானே நீங்க? உங்களை வேலைக்கு வெச்சா நாங்கதான் உங்களுக்கு டீ போடணும் போல" என்று ஒரு மேனேஜர் சிரித்தாராம். இன்னொருவர், அந்தக் கம்பெனியிலிருந்து வந்த ஆள் நாளைக்கு இங்கேயும் வந்து நாற்காலி கேட்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாராம். பத்திரிகையில் படம் வராதவளுக்குக் கிடைத்த வேலை படம் வந்தவளுக்குக் கிடைக்கவில்லை. மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை.

போன வாரம் பில் வேலை குவிந்திருந்ததால் விடிந்தும் விடியாமல் ஆபீஸுக்குப் போனேன். மெஷின் பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஆபீஸைப் பெருக்கித் துடைக்க ஆள் அனுப்புகிற ஏஜென்சியின் சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு பெண் முதுகு காட்டி நின்று கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தேய்ப்பை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும்.

"அக்கா!"

திரும்பியவள் என் வாயைப் பொத்தினாள். கை ஈரமாக இருந்தது. "கத்தாதடி. ஆபீஸ்காரங்களோட பேசக் கூடாதுன்னு ஏஜென்சியில சொல்லியிருக்கான்."

"எத்தனை நாளாக்கா இது?"

"மழைக்கு முன்னாடியே வந்துட்டேன். நீங்க வர்றதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடணும். முன்னாடி வாங்கினதுல பாதிகூடக் கிடையாது. ஆனா வேலை இருக்கு." கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "கழுவுற மூஞ்சிகளைப் பாரு. ஒண்ணாவது உருப்படியா கழுவியிருக்கா?"

"பாப்பாகிட்ட நான் சொல்றேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அக்காவின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் பார்த்ததில்லை. "ஐயோ, உனக்குப் புண்ணியமா போகும், வாயைத் திறந்துடாத. இதுவும் போயிடும்" என்றாள். வாசலில் கார் சத்தம் கேட்டது. வாளியை எடுத்துக்கொண்டு பின்படியில் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. வட்டத்தில் பாப்பா ஒரு கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க, எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு! அவங்கவங்க வேலையை அவங்கவங்களே செஞ்சா இப்படித்தான் இருக்கும். இங்க யாரும் யாருக்கும் கீழ இல்ல" என்றார்.

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. நாக்கு நுனிவரைக்கும் வந்ததை நான் விழுங்கிக்கொண்டேன். சொல்லியிருந்தால் பாப்பா நிச்சயம் துடித்துப்போயிருப்பார், அழுதிருப்பார், அன்றைக்கே ஏஜென்சிக்குப் போன் போட்டு நியாயம் செய்திருப்பார். அவர் செய்கிற நியாயத்தை இன்னொரு தடவை தாங்க அக்காவுக்குத் தெம்பில்லை.