பத்தேகால் மணிக் கட்டைவிரல்

ஹார்ம் டெய்க்கெமா இருபத்திரண்டு வருஷம் கசாப்புக் கடையில் வெட்டியவர். முதுகு மக்கர் பண்ணிய பிறகு, 1961ஆம் வருஷம் குரோனிங்கன் ஊரில் ஓர் இயற்பியல் பரிசோதனைக்கூடத்தில் ஓராண்டுத் தற்காலிக வேலை கிடைத்தது. மாட்டின் பின்னங்கால் தசைநாணை உருவி, கொழுப்பு நீக்கி, நார் நாராகக் கிழித்துக் கொடுக்க வேண்டும். படித்தவர்கள் கிழித்தால் அது துடைப்பமாகிவிடுகிறது என்பதால்தான் அவரைப் பிடித்தார்கள்.

அந்த நார் வெஸல் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு. தசைநாண் என்பது கொலாஜன் என்ற புரதம் முறுக்கிய கயிறு. அதில் ஒட்டிய தண்ணீர், டம்ளர் தண்ணீர் மாதிரி இஷ்டத்துக்குப் புரளாது. நாரின் போக்குக்குக் கட்டுப்பட்டே புரளும். காந்தத்துக்கு நடுவே நாரை வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், கருவி காகிதத்தில் வரையும் கோட்டில் தண்ணீர் ஒரு கூர் காட்ட வேண்டிய இடத்தில் இரண்டு காட்டும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வெஸலின் முனைவர் பட்டம் இருந்தது.

நாரில் எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும். ஆகவே, அடியில் உப்புக் கரைசல் ஊற்றி மூடிய ஜாடிகளில் நார்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஜாடிக்கும் ஓர் அளவு ஈரம். ஜாடிகளைப் பார்த்துக்கொள்வதும் ஹார்மின் பொறுப்பு. நன்றாகவே பார்த்துக்கொண்டார்.

ஆனால் அளவு நிற்கவில்லை. ஒரே ஜாடி, ஒரே நார். செவ்வாய்க்கிழமை ஓர் இடைவெளி, வியாழக்கிழமை வேறு இடைவெளி. திங்கள் காலை எட்டு மணிக்கு எடுத்தது மட்டும் வாரா வாரம் ஒன்றுபோல் வந்தது. மூன்று மாதம் இப்படியே போனது. வெஸல் இளைத்தார். கடைசியில் அவருடைய பேராசிரியர் ஒரு காரணம் கண்டுபிடித்தார்: ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஆலைகளின் மோட்டார் ஓடுவதில்லை, அதனால் காந்தம் அமைதியாகி, அந்த அமைதி திங்கள் காலை வரை நிற்கிறது. இனி ஞாயிறுதோறும் அளக்க வேண்டும், ஹார்மும் வர வேண்டும். வருகிறவருக்குத்தான் நிரந்தர வேலை. முடிவைத் திங்கட்கிழமை சொன்னால் போதும்.

ஹார்ம் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்கூட மிதிக்காத சபையைச் சேர்ந்தவர். சூப்பைச் சனிக்கிழமையே காய்ச்சி வைத்துவிடும் வீடு. நாலு பிள்ளைகள். பழைய வேலைக்குத் திரும்ப முதுகு இடம் கொடுக்காது. ஞாயிற்றுக்கிழமையும் மாடு கறக்கலாம் என்று போதகரே சொல்லியிருக்கிறார் அல்லவா என்று மனைவி ஹேஸ்யாவிடம் இழுத்துப் பார்த்தார்.

“உயிரோட இருக்குற மாட்டத்தான் ஹார்ம் சொன்னாரு. செத்த மாட்டுக் கால்ல நீ என்னத்தக் கறக்கப் போற?” என்றாள் ஹேஸ்யா.

அந்த ஞாயிறு ஹார்ம் இரண்டு வேளையும் தேவாலயத்துக்குப் போனார். பிரசங்கத்தின் நடுவில் வழக்கம்போல் பெப்பர்மின்ட் வரிசையில் கைமாறி வந்தது. வாயில் போட்டார், இனிக்கவில்லை. பயமாக இருந்தது.

திங்கள் காலை, வர முடியாது என்று சொல்லப் போனவர், வெஸல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முந்தின நாள் வெஸல் தனியாக வந்து இடுக்கியால் நாரை எடுத்து அளந்திருக்கிறார். ஊர் முழுக்க மோட்டார் ஓடவில்லை. இருந்தும் அளவு வியாழக்கிழமை மாதிரியே தப்பாக வந்திருக்கிறது. இன்று எட்டு மணிக்கு எடுத்தது வழக்கம்போல் அருமை.

ஹார்ம் மனதுக்குள் நாள்களை எண்ணினார். சனிக்கிழமை அரைநாள் வந்தோம். ஞாயிறு வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பத்து மணிக்கு எல்லோரும் காபி குடித்தார்கள். ஆளுக்கு ஒரு வெண்ணெய் பிஸ்கட், டப்பா மூடப்பட்டது. டப்பா மூடியதும் ஹார்ம் எழுந்தார்.

“நான் தெனமும் தொட்டுப் பாக்குறேன், புரொபசர்.”

“எத?”

“எல்லா ஜாடியையும் தொறந்து. காபி முடிச்சு, பத்தே காலுக்கு. நார் பதமா இருக்கான்னு.”

“எதுக்கு?”

“தொட்டுப் பாக்காம எப்படிங்க தெரியும்?”

பேராசிரியர் எந்த விரல் என்று கேட்டார். ஹார்ம் வலது கட்டைவிரலைக் காட்டினார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த விரலை வெகுநேரம் பார்த்தார்.

“பிஸ்கட் சாப்பிட்ட கையா?”

“சாப்பிட்ட பெறகுதான்.”

வெஸல் வெளியே போய்விட்டார். தாழ்வாரத்தில் அவர் சிரித்தாரா அழுதாரா என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. தொட்ட நார் பழைய ஈரத்துக்குத் திரும்ப இரண்டு இரவு பிடித்திருக்கிறது. ஹார்ம் வராத ஞாயிறு ஒன்றுதான் அந்த இரண்டாவது இரவைக் கொடுத்தது. அதன்பின் பதினைந்து நாள் ஹார்ம் கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு ஜாடிகளைச் சுற்றி நடந்தார். பட்டினி கிடப்பதைவிடக் கஷ்டமாக இருந்ததாக ஹேஸ்யாவிடம் சொன்னார். பதினைந்து நாளும் அளவு திங்கட்கிழமை மாதிரியே வந்தது.

நிரந்தர வேலைக்கான கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கடமைகள் என்ற தலைப்பின்கீழ், தட்டச்சு வரிகளுக்கு அடியில், பேராசிரியர் மையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘ஜாடிகளைத் தொடாதிருத்தல்.’ ஞாயிறு பற்றி எதுவும் இல்லை. ஹார்ம் சமையலறையில் நின்றபடி அதை இரண்டு முறை படித்துவிட்டு அழுதார்.

மறுநாள் பிரசங்கத்தின் நடுவில் பெப்பர்மின்ட் வந்தது. ஹார்ம் அதைக் கட்டைவிரலால் நன்றாக ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, வாயில் போட்டுக்கொண்டார்.