எலுமிச்சம்பழம் கட்டாத ஜீப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உடைப்பதற்கென்று ஒரு வண்டி யார்டில் வந்து இறங்கினால், டார்ச்சைப் பற்றவைக்கும் முன் இரும்பு வெட்டும் கேஸ் கட்டர்கள் லாரி டிரைவரிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "ஆளு போன வண்டியா?" விபத்தில் யாராவது செத்திருந்தால், கேஸ் குழாயில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டுதான் முதல் வெட்டு. பழம் கைக்கு வராமல் மேஸ்திரி எவ்வளவு கத்தினாலும் வண்டி கிடந்த இடத்திலேயே கிடக்கும். கையுறை வாங்கித் தராத, கண்ணுக்குக் கண்ணாடி வாங்கித் தராத அந்த யார்டு, எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

சின்னதுரை மட்டும் பழம் கட்டமாட்டான். செத்தவன் செத்துவிட்டான், இரும்பு என்ன பாவம் செய்தது என்று கேட்பான். அதனால் ஆள் போன வண்டிகளெல்லாம் அவன் பக்கம் தள்ளப்பட்டன. அவனும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டான். அந்தப் பெருமை பின்னால் தன் கழுத்துக்கே வரும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

அவன் வீடு கவரைப்பேட்டைக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் இருந்தது. ஊர்த் தெருவின் கடைசி வீடுவரை தார் போட்ட பஞ்சாயத்து, அதற்கப்புறம் காலனிக்கு ஒரு பெயர்ப்பலகையைக் கொடுத்துவிட்டுக் கைகழுவிக்கொண்டது. மழைக்காலத்தில் நடுவிலிருக்கும் தரைப்பாலம் மூழ்கிவிடும். இரண்டாயிரத்து ஐந்து மழையில் அவன் மனைவி கிரேசுக்கு வலி எடுத்தபோது, கூப்பிட்ட ஆட்டோக்களில் ஒன்று தண்ணீரைப் பார்த்து நின்றது. இன்னொன்று காலனி என்று கேட்டதுமே நின்றது. வீட்டிற்கு வந்து ஏற்றிப்போகும் ஆம்புலன்ஸ் எல்லாம் அப்போது இல்லை. நான்கு பேர் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. பாஸ்டர் வந்து கர்த்தருடைய சித்தம் என்றார். பக்கத்து வீட்டுக் கிழவர் ஏரிக்கரை முனி என்றார். ரோடு இல்லாததுதான் காரணம் என்று சின்னதுரை சொன்னான். அதைக் கேட்க யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு அந்த ஜீப் வந்தது. சர்க்கார் ஏலத்தில் போய், இரண்டு கை மாறி, கடைசியில் இரும்பு விலைக்கு யார்டுக்கு வந்திருந்தது. அதை லாரியில் ஏற்றிவந்தவன் தணிகாசலம். அதே காலனிக்காரன், சங்கத்துப் போராட்டத்தில் சின்னதுரையோடு சேர்ந்து போலீஸ் அடி வாங்கியவன், கிரேசின் கட்டிலுக்குத் தோள் கொடுத்த நான்கு பேரில் ஒருவன். ஜீப்பின் கூரை கிழிந்திருந்தது, தரைத்தகடு துருவேறி ஓட்டையாயிருந்தது. ஆனால் சின்னதுரை அடியில் படுத்துப் பார்த்தபோது சேஸிஸ் நேராக இருந்தது. நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுக்கும் சின்ன கியர் தடியும் இடத்திலேயே இருந்தது.

"இது தண்ணில போவும் மச்சான்" என்றான்.

"மொதல்ல இது தரையில போவுதான்னு பாரு" என்றான் தணிகாசலம்.

எடை போட்டு, அந்த விலைக்கே சின்னதுரை அதை எடுத்துக்கொண்டான். அதற்குப்பின் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஜீப்போடுதான் கழிந்தது. சின்னதுரை தகடு வெட்டிப் பற்றவைப்பான். தணிகாசலம் கியர் பெட்டியைப் பிரித்துப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கும்மிடிப்பூண்டியில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருந்த பழவேற்காட்டு அப்துல் வஹாப், கிளச் பிளேட்டைக் கடனாகவே கொடுத்தனுப்பினார்.

பின்சீட்டுப் பலகையைக் கழற்றிய நாளில் அடியில் ஒரு குழந்தைச் செருப்பு கிடைத்தது. ரோஸ் நிறம், நடந்தால் கீச்சென்று சத்தம் போடுகிற வகை. சின்னதுரை அதை அழுத்தினான். இன்னமும் கீச்சிட்டது. அவன் முகம் மாறிவிட்டது. சட்டென்று அதைத் தணிகாசலத்தின் கையில் திணித்தான்.

"எங்கியாவது போட்டுடு. கிரேஸ் கண்ல படக்கூடாது."

தணிகாசலம் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

சித்திரையில் ஜீப் ஓடியது. ஏரிக்குள் சேறு மிஞ்சியிருந்த இடத்தில் சின்னதுரை வேண்டுமென்றே அதை இறக்கி, உறுமவிட்டு, ஏற்றிக் காட்டினான். காலனிப் பிள்ளைகள் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தார்கள். கிரேஸ் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். முன்சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துப் பார்த்து, பிரசவத்துக்கு இது போதும் என்றாள். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

ஆனியில் தணிகாசலம் ஒரு யோசனையோடு வந்தான். உப்பளத்துப் பக்கம் புது கம்பெனி ஒன்று இடம் அளக்கிறது, அதிகாரிகளைச் சேற்றில் ஏற்றிப்போக மாதவாடகைக்கு ஜீப் கேட்கிறார்கள் என்றான். சின்னதுரை ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலத்தில் வண்டி காலனியில் நிற்க வேண்டும், அதற்காகத்தான் வாங்கினேன் என்றான். தணிகாசலம் சிரித்துவிட்டு, அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை.

ஆடி பிறந்ததும் பேச்சு கிளம்பியது. அந்த ஜீப்பில் ஒரு குழந்தை செத்திருக்கிறதாம், செருப்புகூடக் கிடைத்ததாம். யார் முதலில் சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. நம்புவதற்கு மட்டும் யாரும் யோசிக்கவில்லை. சின்னதுரை கைக்கு வருவதெல்லாம் ஆள் போன வண்டிதானே? பழம் கட்டாமல் வெட்டுகிறவன்தானே? அதை வீட்டுக்கே ஓட்டிவந்துவிட்டான், அவ்வளவுதான். தணிகாசலத்தைக் கேட்டபோது, தெருவில் போட்ட செருப்பை எவன் பார்த்தானோ என்று தலையில் கைவைத்துக்கொண்டான். சின்னதுரை நம்பினான்.

கிரேஸ் அன்று சோறு போடும்போதே கேட்டாள்.

"செருப்பு ஒண்ணு கெடச்சிச்சா?"

அவனால் பொய் சொல்ல முடியவில்லை.

"அப்ப இன்னாத்துக்கு மறச்ச?"

அவள் மனசு நோகக்கூடாதென்றுதான் என்று விளக்கினான். செருப்பு கிடைத்தால் குழந்தை செத்ததாக அர்த்தமா என்று கேட்டான். அவள் பதிலுக்குச் சத்தம் போடவில்லை.

"நீ நம்பாத. வயித்துல வச்சிக்கினு இருக்கறது நானு."

அதன்பின் அவள் அந்த ஜீப்பின் நிழலில்கூட நிற்கவில்லை. பிள்ளைகளும் தொங்கவில்லை. சின்னதுரை வீடு வீடாகப் போய்ப் பேசினான். பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆள் சாகாத கட்டில் ஒன்று காட்டுங்கள், அதில் படுக்கிறீர்களே என்றான். எல்லாரும் கேட்டுத் தலையாட்டினார்கள். பிறகு நடந்தே போனார்கள்.

அடுத்து நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் தனியாக ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்பக்கம் கீச்சென்றது. ஸ்பிரிங் பட்டைதான் என்று கிரீஸ் வைத்தான். மறுநாளும் கீச்சென்றது. அது பட்டை என்று அவன் அறிவுக்குத் தெரியும். ஆனாலும் துணியை அப்படியே போட்டுவிட்டு வண்டியை விட்டு விலகி நின்றான். கிரேசின் வயிறு கண்முன் வந்து நின்றது. அந்த வாரமே தணிகாசலத்தைக் கூப்பிட்டு, நீயே எடுத்துக்கொள் என்றான்.

"எனக்கெதுக்கு மச்சான் இந்தப் பேஜாரு" என்று அவன் நான்கு நாள் யோசித்தான். பிறகு இரும்பு விலைக்கே எடுத்துக்கொண்டான்.

தணிகாசலம் ஜீப்புக்கு வெள்ளை அடித்தான். பூசணிக்காய் உடைத்தான். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினான். ஆயிற்று என்று விடாமல் பாஸ்டரையும் கூப்பிட்டு பானெட்டில் எண்ணெய் பூசி ஜெபிக்கவைத்தான். மச்சினனை ஓட்டவைத்து ஜீப்பைக் கம்பெனிக்கு அனுப்பினான். செத்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை அத்தோடு வண்டியை விட்டு இறங்கிவிட்டதாகக் காலனி முடிவுகட்டியது.

கார்த்திகையில் தரைப்பாலம் மூழ்கியது. மழையில் கம்பெனி வேலை நின்றிருந்ததால் ஜீப் காலனியில்தான் கிடந்தது. மத்தியானம் கிரேசுக்கு வலி எடுத்தது. சின்னதுரை தணிகாசலத்தின் வாசலில் போய் நின்றான். தணிகாசலம் தட்டிலிருந்து கையை உதறிக்கொண்டு எழுந்து வந்து ஜீப்பைக் கிளப்பினான். கிரேஸ் பம்பரில் தொங்கிய பழத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். சின்னதுரை பின்னால், தானே பற்றவைத்த தகட்டின்மேல் உட்கார்ந்தான். தண்ணீர் கதவுப்படியைத் தொட்டது. ஜீப் உறுமிக்கொண்டே ஏறிக் கரைசேர்ந்தது. சின்னதுரையின் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை.

பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வாடகை கொடுக்க நீட்டிய கையைத் தணிகாசலம் தள்ளிவிட்டான்.

"இன்னா மச்சான் இது? நம்ம வண்டி."

சின்னதுரை அவனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மழை விட்டதும் அப்துல் வஹாப் கடைக்கு மிட்டாய் எடுத்துப் போனான். அவர் வாயில் போட்டுக்கொண்டே, அந்தச் செருப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று சாதாரணமாகக் கேட்டார். சின்னதுரைக்குப் புரியவில்லை.

"எந்தச் செருப்பு பாய்?"

"சீட்டுக்கு அடியில கெடச்சுதே, கீச் கீச்சுனு. தணிகாசலம் எட்தாந்து காட்னானே. சர்க்காருக்கு அந்த ஜீப்ப ஓட்டிக்கினு இருந்த டிரைவரு எங்க பக்கத்தூட்டுக்காரருப்பா. அவரு பொண்ணு ஜெபாவோடது. சின்னதுல ஒத்தச் செருப்ப வண்டியில தொலச்சிட்டு அன்னிக்கெல்லாம் ஒரே அழுகை. அதான், வாங்கிக் குடுக்கலாம்னு கேட்டேன்."

"அந்தப் பொண்ணு..."

"ஏழாவது படிக்குது. நேத்துகூட எங்க ஊட்ல டிவி பாத்துகினு இருந்துச்சு."

தணிகாசலம் அதை எப்போது காட்டினான் என்று கேட்டான். கிளச் பிளேட் வாங்க வந்த அன்று, யாருடையது என்று அப்போதே அவனிடம் சொல்லிவிட்டேனே என்றார் பாய். அது பேச்சு கிளம்புவதற்கு வெகுநாள் முன்பு.

தணிகாசலம் ஏரித் தண்ணீரில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். தெரிந்தே சொன்னாயா என்று சின்னதுரை கேட்டபோதும் அவன் கை நிற்கவில்லை.

"செருப்பு கெடச்சிச்சின்னு மட்டும்தான் சொன்னேன். மிச்சத்த ஜனங்களே சொல்லிக்கினாங்க."

"கிரேசு கட்டில நீ தூக்கிக்கினு வந்தியேடா."

தணிகாசலம் துணியைப் பிழிந்தான். மழைக்காகக் காத்திருக்கிற வண்டி யாருக்குச் சோறு போடும், எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், நேரத்துக்கு வராமலா போனேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் நிமிர்ந்து பார்த்தான்.

"ஜனங்க நம்புனாங்க, சரி. ஆளு போன வண்டிய பழம் கட்டாம வெட்றவன் நீ. நீ இன்னாத்துக்கு மச்சான் வித்த?"

சின்னதுரை திரும்பிக் கரையேறினான். போலீஸ் தடியடியில்கூட அப்படி வலித்ததில்லை.

உண்மையை அவன் காலனியில் சொல்லத்தான் செய்தான். யாரும் அதிர்ந்துபோகவில்லை. அதனால் என்ன, பூசணிக்காய் உடைத்ததும் நல்லதற்குத்தான் என்றார்கள். கிரேஸ் மட்டும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னியும் சேத்துதான் ஏமாத்திட்டான்" என்றாள். "உன்ன நம்பாம அவன் பழத்த நம்புனேன் பாரு."

திங்கட்கிழமை தணிகாசலத்தின் லாரி நசுங்கிய கார் ஒன்றைக் கொண்டுவந்து யார்டில் இறக்கியது. கட்டர்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். ஆமாம், ஆள் போனதுதான் என்றான் அவன். எல்லாரும் ஒதுங்கி சின்னதுரைக்கு வழிவிட்டார்கள். அவன் டார்ச்சைக் கீழே வைத்தான்.

மேஸ்திரி திகைத்துப்போனார். இவனுக்கும் பயம் வந்துவிட்டதா என்று யாரோ பின்னால் சிரித்தார்கள். மேஸ்திரி உள்ளே ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து நீட்டினார்.

"பழம் வேணாம் மேஸ்திரி" என்றான் சின்னதுரை, தணிகாசலத்தைக் கைகாட்டி. "ஆள மாத்து."