பூன் மிதிக்காத போட்டோ

பூன் கீலாம் நாற்பத்தொரு படங்களில் செத்திருக்கிறான். செத்த பிறகு எழுந்து குதித்தும் இருக்கிறான். எண்பதுகளின் ஹாங்காங்கில் பிணம் சும்மா கிடந்தால் டிக்கெட் வாங்க யார் வருவார்கள்? நீல அங்கி, முகத்தில் அப்பிய மாவு, நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் காகிதம், முன்னால் நீட்டிய கைகள். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதிக்க வேண்டும். கதாநாயகன் மூச்சை அடக்கினால் பிணத்துக்கு ஆள் இருப்பது தெரியாது. குசு விட்டால் தெரிந்துவிடும். அந்த இடத்தில் தியேட்டரே அதிரும். இருபது வருடம் சண்டை பழகியவனுக்குக் கிடைத்த பிழைப்பு இது.

இப்போது எடுத்துக்கொண்டிருந்த படத்தில், பூஜை மேடையில் வைக்கச் செத்தவள் போட்டோ ஒன்று தேவைப்பட்டது. உயிரோடிருக்கும் யார் தன் முகத்தை அங்கே வைக்கச் சம்மதிப்பார்? துணை நடிகைகள் ஒருத்தி பாக்கியில்லாமல் நழுவினார்கள். பூனுக்கு சூப் கொண்டுவந்திருந்த அவன் மனைவி யுக்ஹாதான் முன்னால் வந்தாள்.

"என் மூஞ்சிதானே, எடுத்துக்கோங்க. இதுக்கெல்லாம் எமன் வர்றதுன்னா எங்க வீட்டுக்காரரை எப்பவோ தூக்கிட்டுப் போயிருப்பான்" என்றாள்.

செத்தவள் மாதிரி இருக்கச் சொன்னார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். அது மார்ச் மாதம். ஜூனில் ஒரு புதன்கிழமை, மீன் கடை முன்னால் கீரைக்கட்டோடு சாய்ந்தாள். மூளையில் நரம்பு வெடித்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பத்தெட்டு வயது.

பூன் அழவில்லை. அழக் கூடாது என்றில்லை, வரவில்லை. சவப்பெட்டி பார்த்தான், அடுத்த வாரச் சனிக்கிழமைக்கு இறுதிச்சடங்கு மண்டபம் சொன்னான், சோறு போட்டால் தின்றான். அவளுடைய அக்கா, "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்று கேட்டதற்கும், "தெரியல அண்ணி" என்றான். அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

மண்டபத்தில் வைக்கப் படம் கேட்டார்கள். கல்யாண ஆல்பம், முன்பு குடியிருந்த குடிசைப் பகுதியில் தீப்பிடித்தபோதே போயிருந்தது. அடையாள அட்டையிலிருந்த முகம் யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. மிச்சமிருந்தது பூஜை மேடைப் போட்டோ மட்டும். அடுத்த வார வியாழக்கிழமை காலை ஸ்டுடியோவுக்குப் போய், பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் சோய் அண்ணனிடம் கேட்டான்.

"அண்ணே, அந்தப் போட்டோவ நான் எடுத்துக்கட்டுமா?"

"இன்னிக்கு ஷாட்டே அதுலதான்டா. நீ குதிச்சு வர்ற, மேடை கவுறுது, உன் கால் போட்டோவக் கிழிச்சிட்டு உள்ள போகுது. சட்டம் கால்ல மாட்டினபடியே ஊர் பூரா குதிக்கிற. டைரக்டர் ராத்திரி யோசிச்சாராம், விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"நெகட்டிவ் இருக்கா?"

"அது யார்கிட்ட இருக்கோ."

"வேற போட்டோ வச்சுக்கலாமே."

"போன வாரம் எடுத்ததுல இதுதான்டா தெரியுது. ஏன், பொண்டாட்டி திட்டுறாளா?"

வீட்டில் சாவு விழுந்தவன் படப்பிடிப்பில் கால் வைக்கக் கூடாது. சொன்னால் அந்த நிமிடமே வெளியே அனுப்புவார்கள்; அங்கியை வேறொருவன் மாட்டிக்கொண்டு வந்து மிதிப்பான். காகிதத்துக்குப் பின்னால் யார் முகம் என்று எந்த ரசிகன் பார்க்கப் போகிறான்? சொல்லாவிட்டால் பூனே மிதிக்க வேண்டும். பேசாமல் போய் மாவு பூசிக்கொண்டான்.

முதல் ஷாட்டில் குதித்து வந்தான், மேடை கவிழ்ந்தது, போட்டோ மல்லாந்து விழுந்தது. பூன் நின்றுவிட்டான். டைரக்டர் கியூ நாற்காலியிலிருந்து கத்தினார். "டேய், பிணத்துக்குக் கால் மரத்துப்போச்சா?" எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது ஷாட்டிலும் அங்கேயே நின்றான். மூன்றாவது முறை கியூ எழுந்தே வந்துவிட்டார்.

"ஃபிலிம் என்ன உங்க அப்பன் வீட்டுதா? மிதிடா."

பூன் காகிதத்தை விலக்கினான். "யுக்ஹா போன புதன்கிழமை செத்துட்டா சார். சனிக்கிழமை எடுக்கிறோம். மண்டபத்துல வைக்க வேற படம் இல்ல." இன்றைக்கு என்ன சாப்பாடு என்று சொல்வதுபோல் சொன்னான்.

அவள் கொண்டுவந்த சூப்பைப் பங்கு போட்டுக் குடித்தவர்கள்தான் அத்தனை பேரும். அத்தனை பேரும் பின்னால் நகர்ந்தார்கள். போட்டோ கொடுத்தவள் மூன்றே மாதத்தில் போய்விட்டாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கீழே கிடந்த போட்டோவை எடுக்க ஒருவனும் குனியவில்லை. விளக்குப் பிடித்தவன் விளக்கை விட்டே விலகினான். இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு அவர்கள்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

"கொண்டு போய்டுப்பா, சீக்கிரம்" என்றார் சோய் அண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

பூன் போட்டோவை எடுத்து அங்கியில் துடைத்தான்.

சனிக்கிழமை மண்டபத்தில் ஊதுபத்திப் புகைக்கு நடுவில் யுக்ஹா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். சினிமாக்காரர்கள் வரவில்லை. பூன் எதிர்பார்க்கவுமில்லை; துக்கத்துக்கு உடுத்தும் சணல் உடையில் பக்கவாட்டில் நின்று, வந்த சொந்தக்காரர்களுக்குப் பதில் வணக்கம் செய்துகொண்டிருந்தான். மூடுகிற நேரத்தில் கியூ தனியாக வந்து, படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"பழைய ஷாட்டையெல்லாம் தூக்கிட்டேன். கதையில செத்தது பொண்டாட்டி இல்ல, பெரியப்பான்னு மாத்தியாச்சு. மேடையில வேற போட்டோ வச்சிருக்கு."

"யார் குடுத்தா சார்?"

"எவனும் குடுக்கல. என்னோடதுதான்."

பூன் அவரையே பார்த்தான்.

"காரியமெல்லாம் முடிச்சிட்டு வா. வேற எவனையும் மிதிக்க விடமாட்டேன், காத்திருக்கேன்" என்றார் கியூ. "மூக்கைப் பாத்து மிதிடா, அப்பதான் சிரிப்பு வரும்."

பூன் வழக்கப்படி பதில் வணக்கத்துக்குக் குனிந்தான். பத்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவனால் நிமிர முடியவில்லை. கியூ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.