செல்லம்மாவுக்கு இரண்டு முடிவு எழுதியவர்

கொழும்பிலிருந்து வந்த தந்தியைக் கணக்கப்பிள்ளை ஐயா எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்று வாசித்தார். என் வீட்டுக்காரரின் தம்பி வேலாயுதம் நெஞ்சுவலியில் காலமாகிவிட்டார். மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு இறங்கி வந்தார்கள். அவரை அறியாதவர்களும் அறிய வேண்டும் என்று, ஐந்தாவது வரை படித்த நான் எனக்குத் தெரிந்த தமிழில் இதை எழுதுகிறேன்.

தேயிலைப் பெக்டரியில் வேலை செய்தபடியே நாடகம் எழுதினவர் அவர். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை இல்லையென்று சட்டம் வந்ததே, அதற்குப் பிறகு எழுதினதுதான் ‘செல்லம்மா’ நாடகம். செல்லம்மாவின் அப்பனை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். புருஷனுக்கு இங்கே இருக்க உரிமை கிடைக்கிறது. செல்லம்மா யாரோடு போவாள்?

மீசையை எடுத்துவிட்டுச் செல்லம்மாவாக வரும் ராமையா, ரயிலடியில் தகரப்பெட்டியை இறக்கி வைத்துச் சனங்களைப் பார்த்துக் கேட்பார், “நான் போகவா, இருக்கவா?” என்று. வட்டவளைத் தோட்டத்தில் “போகாத புள்ள!” என்று கத்தினார்கள். உடப்புசல்லாவையில் “வயசான மனுசனத் தனியா விடாத!” என்றார்கள். சத்தம் எந்தப் பக்கம் அதிகமோ அந்த முடிவை நடிப்பார்கள். இரண்டையும் அவர் எழுதி வைத்திருந்தார். இப்படி நாடகம் போட்டவர் இந்த மலையில் வேறு யாரும் இல்லை என்று நான் எவரிடமும் சொல்வேன்.

அதைப் பார்த்த கொழும்பு முதலாளி ஒருவர் படத்துக்கு எழுதக் கூப்பிட்டார். வேலையை விட்டுப் போனவர், கொஞ்ச நாளில் வாடின முகத்தோடு வந்து நின்றார்.

“படத்துல ஒரு முடிவுதானாம் மதினி.”

“ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க தம்பி.”

“பிலிம் என்ன கொழுந்தா, கூடை கூடையா அள்ளிப் போட?”

கடைசியில் செல்லம்மா அப்பனோடு ரயிலேறுவதாக எழுதிக் கொடுத்தார்.

அட்டன் கொட்டகைக்குப் படம் வந்தபோது தோட்டமே போனது. திரையில் அவர் பெயரைப் பார்த்துக் கைதட்டினோம். ரயிலடி வந்ததும் எங்கள் ஆட்கள் பழக்கத்தில் “போகாத புள்ள!” என்று கத்தினார்கள். திரையில் செல்லம்மா அவள் பாட்டுக்கு ரயிலேறினாள். ராமையா எழுந்துவிட்டார்.

“ஏய், இத்தன பேரு கத்துறாங்க, காது கேக்கலயாடி?”

“நீ மீசைய எடுத்துட்டுப் போய் எறக்கி விடு ராமையா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. கொழுந்தனார் சிரிக்கவில்லை.

வெளியே, நல்லதண்ணித் தோட்டத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கொழுந்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். “இந்தியாவுக்குப் போறதா இல்லையான்னு யோசனையா இருந்துச்சுங்க. நீங்களே ஏத்திவிட்டுட்டீங்க. அப்ப நானும் பெட்டி கட்ட வேண்டியதுதானே?”

கொழுந்தனாருக்கு முகம் வெளிறிவிட்டது. “ஐயா, அது அந்தப் புள்ள கதைங்க. உங்கள நான் ஒரு வார்த்த கேக்கலயே. வீட்டுல எல்லாரையும் கேளுங்க. வாய் தொறக்காத ஆளு இருந்தா, அவங்கள முதல்ல கேளுங்க.”

அதற்குப் பிறகும் படங்களுக்கு வசனம் எழுதினார். நல்ல பெயரும் வாங்கினார். போவதைப் பற்றியும் இருப்பதைப் பற்றியும் மட்டும் எழுதவே இல்லை.

இப்போது யார் போவது, யார் இருப்பது என்று இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். பொங்கலுக்கு வந்தவரிடம் என் வீட்டுக்காரர், “ஊருக்கெல்லாம் முடிவு எழுதுற, எங்களுக்கும் ஒன்னு எழுதிக் குடுடா” என்றார்.

“நான் எழுதுனா அது படமாயிரும்ணே. மதினிய கேட்டீங்களா?”

கேட்டிருக்கவில்லை.

அவரைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்து தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். காரியம் முடிந்த மறுநாள் என் வீட்டுக்காரர் எல்லாரையும் உட்காரவைத்தார். தான் போக ஆசைப்படுவதைச் சொன்னார். என்னைக் கேட்டார். இங்கேயே இருக்கலாம் என்றேன். பிறகு அடுப்படியில் இருந்த மருமகளைக் கூப்பிட்டார். “என்னையா மாமா கேக்குறீங்க?” என்ற அந்தப் பிள்ளை, அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வரை பேசியது.

இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை தம்பி. பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.