பேய் வலைப் படிவம்

எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மன்னாரில் சங்கு குளித்தேன், வாழைச்சேனையில் மீனுக்கு ஐஸ் உடைத்தேன், பிறகு திருகோணமலைக்கு வந்தேன். அங்கே மீன்பிடித் திணைக்களத்தார் கடலடியில் தொலைந்துபோன வலைகளை எடுக்க மூச்சடக்கத் தெரிந்த ஆள் தேடினார்கள். சாப்பாடும் தருவதாகச் சொன்னதால் போனேன்.

உலக நாடுகள் கூடிக் கடலுக்காக ஒப்புக்கொண்ட விதிகளில் நம் நாடும் கையெழுத்து வைத்திருந்ததாம். அதன்படி ஒவ்வொரு வலையிலும் படகின் இலக்கத் தகடு இருக்க வேண்டும். வலை தொலைந்தால் மீனவர் ஒரு படிவத்தில் அறிவிக்க வேண்டும். எடுத்த வலைக்கும் அதே படிவத்தை நிரப்ப வேண்டும். படிவத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ‘பேய் வலை அறிக்கை’ என்று இருந்தது. ஆளில்லாமல் கடலடியில் மீன் பிடித்துக்கொண்டே இருக்கும் வலைக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தார்கள்.

ஒருவரும் அறிவிக்கவில்லை. எங்களோடு வந்த பெண் அதிகாரி ஏன் என்று படகோட்டியிடம் கேட்டார். படகோட்டி கிண்ணியாக்காரர், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடுவேன்.

“மிஸ், கடலுக்குப் போறவன் அந்தப் பேரைத் தண்ணியில வைச்சுச் சொல்ல மாட்டான். நீங்க அச்சடிச்சு வீட்டுக்கே அனுப்புறீங்க. கையெழுத்து வேற கேக்கிறீங்க.”

“அப்ப நீங்கள் என்னண்டு சொல்லுவீங்கள்?”

“தனிச்சு நிக்கிற வலை எண்டுதான்.”

அன்று காலை துறைமுக வாசலுக்கு வெளியே, பாறைகள் உள்ள இடத்தில் இறங்கினேன். ஆறு பாகம், முப்பத்தாறு அடி, ஆழத்தில் அந்த வலை நின்றது. அடி பாறையில் சிக்கி, மேல் விளிம்பை மிதப்புகள் தூக்க, சுவர்போல நிமிர்ந்து நின்றது. நீரோட்டத்தில் உப்பி, உள்வாங்கி, மறுபடி உப்பியது. அடியில் மீன் எலும்புகள் குவிந்து கிடந்தன. மேலே புதிதாகப் பட்ட பாரை மீன் ஒன்று இன்னும் செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. இலக்கத் தகட்டைக் கையால் துடைத்தேன். எழுத்து அழியவில்லை.

பல முறை இறங்கி வலையை அறுத்து மேலே ஏற்றினோம். அதிகாரி இலக்கத்தைப் பட்டியலில் தேடினார். அது இலங்கைத்துறை என்ற ஊரின் படகு. போன வருடம் கடலுக்குப் போய், படகும் வரவில்லை, அதில் தனியாகப் போனவரும் வரவில்லை.

தகவல் போய், மறுநாள் அவருடைய மனைவி இறங்குதுறைக்கு வந்தார். புருஷன் இறந்ததற்குச் சான்று இல்லாததால் குடியிருக்கும் காணியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாமல் அலைந்துகொண்டிருந்தார். இந்தத் தகடு படிவத்தில் ஏறினால் அதைக் காட்டி மரணப் பதிவுக்குக் கேட்கலாம் என்றார் அதிகாரி. உரிமையாளருக்காக மனைவி கையெழுத்து வைக்க வேண்டும்.

அந்த அக்கா வலையை விரித்தார். கிழிந்த இடங்களில் பச்சை நூல் முடிச்சுகள் இருந்தன.

“இது நான் பொத்தினது,” என்றார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: கைவிடப்பட்டது, எறியப்பட்டது, தொலைந்தது.

“எதுக்கு அடையாளம் போட அக்கா?” என்று கேட்டார் அதிகாரி.

“அவர் கைவிடேல்லை. எறியவும் இல்லை. தொலைஞ்சது எண்டு நீங்கள் கேக்கிறது வலையையோ, அவரையோ?”

“வலையைத்தான் அக்கா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, மீன் கிடந்ததோ?”

“ஓம் அக்கா. உயிரோட.”

“அப்ப அவருக்குத்தானே அது பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு.” கொஞ்ச நேரம் முடிச்சுகளைத் தடவினார். “நாளைக்கு ஒருக்கா அந்த இடத்தைப் பாருங்கோ. வேற ஒண்டும் இல்லையெண்டால் கையெழுத்து வைக்கிறன்.”

மறுநாள் இறங்கினேன். பாறை வெறுமையாக இருந்தது. ஒரு கயிறு, ஒரு துணி, ஒன்றும் இல்லை. அப்போது பாறையோரமாகச் சின்ன மீன்கூட்டம் ஒன்று வந்தது. வலை நின்ற இடத்துக்கு நேரே வந்ததும் எல்லாம் ஒன்றாக நின்றன. பிறகு வந்த வழியே திரும்பின. இன்னொரு கூட்டமும் அப்படியே செய்தது. கையை நீட்டிப் பார்த்தேன், வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் நான் மறுபக்கம் போனேன்.

கரைக்கு வந்து, “ஒண்டும் இல்லை அக்கா,” என்றேன். மீன்களைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் பேனையை வாங்கி, முதலில் தலைப்பில் இருந்த ‘பேய்’ என்ற சொல்லைக் குறுக்கே வெட்டினார்.

“அதை வெட்ட ஏலாது அக்கா,” என்றார் அதிகாரி.

“விடுங்க மிஸ்,” என்றார் நானா.

பிறகு அக்கா ‘தொலைந்தது’ என்ற கட்டத்தில் அடையாளம் போட்டுக் கையெழுத்து வைத்தார். வெட்டிய கோட்டோடேயே படிவம் கொழும்புக்குப் போனது. மரணப் பதிவு கிடைத்ததென்று நானா தொலைபேசியில் சொன்னபோது நான் புத்தளத்தில் உப்பு அள்ளிக்கொண்டிருந்தேன்.