நேரில் அறிவேன்

ஆகுர்டியில் நான் இருபத்தோரு வருடம் குடியிருந்த கட்டடத்தின் வாசலில் இப்போது நான் விசிட்டர். வாட்ச்மேன் நோட்டை என் பக்கம் திருப்பி வைப்பார். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், எந்த வீடு, என்ன வேலை. கடைசிக் கட்டத்தில் ‘தபால்’ என்று எழுதுவேன். மேஜைக்கு அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுத்துத் தருவார். வங்கிக் கடிதம், இன்சூரன்ஸ் நோட்டீஸ், எப்போதாவது என் கவிதை வந்த சிறுபத்திரிகை. நாலாவது மாடி பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை என்று பார்ப்பதற்காகவே ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்ப்பேன்.

என் கணவர் கீழே இறங்கி வந்ததில்லை. ‘தபால் வந்திருக்கிறது’ என்று ஒரு வரி போனில் அனுப்புவார், அவ்வளவுதான். நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. ஒருநாள் பேச்சு தீர்ந்துபோனது; தீர்ந்தது தெரியாமல் இன்னும் ஏழெட்டு வருடம் சேர்ந்து சாப்பிட்டோம். பிறகு நான் சிஞ்ச்வட் ஸ்டேஷன் பக்கம் ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு இடம் பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். உடம்பு வந்துவிட்டது. விலாசம் வரவில்லை. ஆதார் அட்டையில், வங்கியில், வாக்காளர் பட்டியலில், எல்லாவற்றிலும் நான் இன்னும் அந்த நாலாவது மாடியில், அவர் பெயருக்குக் கீழே, சமைத்துக்கொண்டிருந்தேன்.

விலாசத்தை மாற்ற வேண்டும். அந்த நோட்டில் இனிமேல் என் பெயரை எழுதக் கூடாது. அந்த வருடங்களில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

புது வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுத மாட்டேன் என்றார். வாய்ச்சொல்லே போதும், காகிதம் வந்தால் வம்பும் வரும் என்பது அவர் சித்தாந்தம். மின்சார பில் அவர் பெயரில். ஆதார் மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் நான் கொண்டுபோனதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு வழி சொன்னார். உங்கள் வார்டு நகரசேவகரிடம், அதாவது கவுன்சிலரிடம், போங்கள். ‘இவர் என் வார்டில் வசிக்கிறார், இவரை நான் நேரில் அறிவேன்’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவார், அது செல்லும்.

நேரில் அறிவேன். அந்த இரண்டு சொல்லை நான் ரயிலில் திரும்பும்போது பலமுறை சொல்லிப் பார்த்தேன். இந்த ஊரில் என்னை நேரில் அறிந்தவர் யார்? பால் பாக்கெட் கடைக்காரருக்கு என் கை தெரியும். மூன்றாம் நம்பர் நடைமேடையின் நாய்க்கு என் பை தெரியும்.

அதிலும் ஒரு சிக்கல். அப்போது எங்கள் ஊரில் நகரசேவகர் என்று எவருமே இல்லை. பழைய மாநகர சபையின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல் வருடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் பெயர்கள் மட்டும் போகவில்லை. இங்கே ஒரு சிமெண்ட் பெஞ்சு போட்டால்கூட எந்த நகரசேவகரின் நிதி என்று முதுகுப்பலகையில் எழுதிவிடுவார்கள். பெயரின்மேல் சாய்ந்துகொண்டுதான் ஊரே உட்காரும். நானும் ஒரு பெஞ்சில் பெயரைப் படித்து, விசாரித்துக்கொண்டு, அந்தப் பழைய நகரசேவகரின் அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன்.

பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் அவர் தனியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். ஆள் வந்து நாளாகியிருக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னேன். தன் லெட்டர்ஹெட்டைக் காட்டினார். பெயருக்கு முன்னால் ‘மாஜி’ என்று நீல மையில் கையாலேயே சேர்த்திருந்தார். மாஜியின் கையெழுத்தை ஆதார்காரர்கள் எடுப்பதில்லையாம்.

“என் கையெழுத்துதான் செல்லாது மேடம். சாயா செல்லும், உட்காருங்க” என்றார் இந்தியில்.

டீ வந்தது. அவர் பேச ஆரம்பித்தார். நிறுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. ஜனங்கள் ஓட்டுப்போட்டு நகரசேவகர்களை அனுப்புவார்கள். மேயரை ஜனங்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நகரசேவகர்கள்தான் தங்களுக்குள் ஒருவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டரை வருடத்துக்கு ஒரு மேயர். அது பெண்ணா, எந்தப் பிரிவு என்பதை மும்பையில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். செலவுக்கெல்லாம் தலையாட்டுவது ஸ்தாயி சமிதி என்கிற நிலைக்குழு. அதிலும் பாதிப்பேரை வருடாவருடம் சீட்டுக் குலுக்கி வெளியே அனுப்புவார்கள். அவரும் அப்படி ஒரு சீட்டில் வெளியே போனவர். “மேயருக்கு நாற்காலி. அரசாங்கம் அனுப்பற கமிஷனருக்குப் பேனா. இதுதான் ஏற்பாடு. இப்ப சபையே இல்ல, கமிஷனரே பிரசாசக், நிர்வாகி. நாற்காலியிலயும் பேனாதான் உட்கார்ந்திருக்கு.”

அப்படியானால் என்னை யார் அறிவது என்று கேட்டேன். தேர்தல் வரட்டும் என்றார். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார். என் காத்திருப்பும் அவருடையதும் அந்த மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தன.

தேர்தல் வந்தது. என் ஓட்டு ஆகுர்டியில்தான் இருந்தது. நான் வசிக்காத வார்டுக்கு நாலு பேரைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாபகம் போல ரயிலேறிப் போனேன்.

இங்கே ஒரு வார்டுக்கு நாலு நகரசேவகர். மராட்டி வரிசையில் அ, ப, க, ட என்று நாலு இடம். இயந்திரத்தில் நாலு நிறத்தில் சீட்டு. ஒருவரே நாலு ஓட்டுப் போட வேண்டும். பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை நீண்டிருந்தது. பட்டியலில் என் பெயர் என் கணவர் பெயருக்கு அடுத்தது. அதனால்தானோ என்னவோ, எனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி அவர் நின்றிருந்தார். கண்ணாடி மாற்றியிருந்தார். தலையசைத்தார். தலையசைத்தேன்.

அட்டை மறைப்புக்குள் போனேன். வெள்ளைச் சீட்டில் ஒரு பெயரைப் பார்த்து அழுத்தினேன். விளக்கு எரிந்தது. வெளியே வந்து நடந்துவிட்டேன். அவர் பின்னால் நிற்கிறார் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. மராட்டியில் அதிகாரி கூப்பிட்டார். மேடம், பீப் வரவில்லை, இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது, நாலும் அழுத்தினால்தான் இயந்திரம் விடும். வரிசையே திரும்பிப் பார்த்தது.

“எதையாவது முழுசா முடிச்சிருக்கியா நீ” என்றார் என் கணவர். குரலில் கோபம் இல்லை. கேலிதான், பழைய கேலி. அதைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று. யாரோ சிரித்தார்கள், தமிழ் தெரியாமலேயே. நான் திரும்பிப் போய் மூன்றையும் அழுத்தினேன். மூன்றிலும் யாரையும் பிடிக்கவில்லை என்ற கடைசிப் பொத்தான். பீப் நீளமாக வந்தது. அந்த ஊதலோடு அவரைத் தாண்டி வெளியே போனேன். திரும்பி சிஞ்ச்வட் வரும்வரை உட்கார இடமிருந்தும் கதவருகிலேயே நின்றுகொண்டு வந்தேன்.

என் புது வார்டிலும் நாலு பேர் ஜெயித்தார்கள். முதலாமவரின் அலுவலகத்தில், அவர் தண்ணீர் மட்டும் பார்க்கிறார் என்றார்கள். இரண்டாமவர் சாக்கடையும் ரோடும். மூன்றாமவர் எங்கேயோ கல்யாணத்தில். நாலு பேரும் ஒரு வார்டைச் சப்பாத்தி போலப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதங்கள் நாலாவது நகரசேவிகையின் பங்குக்கு விழுந்திருந்தன. பெண்களுக்கான இடத்தில் புதிதாக வந்தவர். எல்லாரும் அவரைத் தாயி என்றார்கள். அக்கா என்று பொருள், வயதில் என்னைவிடச் சின்னவர்.

அங்கே மேஜைக்குப் பின்னால் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். தாயி பக்கத்தில், மொடமொடவென்ற புதுப் புடவையில், லெட்டர்ஹெட் கட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. கணவர் போனில் வாக்காளர் பட்டியலைத் தேடினார். நீங்கள் எங்கள் பட்டியலில் இல்லையே என்றார் மரியாதையாகவே. பட்டியலில் சேர விலாசச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்குத்தான் உங்கள் கடிதம் வேண்டும் என்றேன். பட்டியலில் இருந்தால் கடிதம் தரலாம் என்றார். நாங்கள் இருவரும் ஒரே வட்டத்தில் ஒரு சுற்று நடந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தோம். தாயி நான் நீட்டியிருந்த ஆதார் படிவத்தைத் தேவைக்கு மேல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவாரம் போனால் ஷட்டர் மூடியிருந்தது. மேயர் தேர்தல் முடியும்வரை கட்சி தன் நகரசேவகர்களை எல்லாம் ஏதோ மலையோர ஓட்டலில் கொண்டுபோய் வைத்திருக்கிறதாம், கை மாறிவிடாமல் இருக்க. சரி, கை தூக்குகிற இடத்துக்கே போவோம் என்று நினைத்தேன். சபைக்குள் நகரசேவகர்கள் மட்டும்தான் உட்காரலாம். கணவர்களுக்கு அங்கே நாற்காலி இல்லை.

உண்மைதான். கணவர்கள் எல்லாம் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி தாயியின் கணவர், கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே. கீழே குதிரை லாட வடிவில் வரிசைகள். மேயர் நாற்காலியில் அன்றைக்கு மட்டும் தலைமை தாங்க வந்த அரசு அதிகாரி. ஒரு பக்கமாகக் கமிஷனர், எதிலும் சம்பந்தமில்லாதவர் மாதிரி, பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பெயரைப் படித்து, ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். கீழே பெண்கள் வரிசையில் பலர் ஒரு கணம் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார்கள். இங்கே கணவர்களின் கைகள் இடுப்பளவுக்கு லேசாக உயர்ந்தன. அங்கே கைகள் முழுதாக உயர்ந்தன. எண்ணினார்கள். ஊருக்கு ஒரு மேயர் கிடைத்துவிட்டார். எங்கிருந்தோ மேளச் சத்தம், மஞ்சள் பொடி, மாலை. அவ்வளவு பேர் நடுவில் எவரும் யாரையும் இடிக்காமல் என்னை மட்டும் இடித்துக்கொண்டு போனார்கள், இல்லாத தூணை இடிப்பதுபோல.

கணவர்கள் வர முடியாத இன்னோர் இடம் இருந்தது. பெண்கள் கழிவறை வாசலில் போய் நின்றேன். தாயி முகத்தில் பொடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான் இந்தியில் ஆரம்பித்தேன்.

“தமிழ்லயே பேசுங்கக்கா” என்றார். “ஃபார்ம்ல பேரப் பாத்தப்பவே தெரியும். நான் இங்க பக்கத்துல கட்கி பொண்ணு. அப்பா ஃபேக்டரில இருந்தாரு. கல்யாணம் ஆயி மராட்டி வூடு. தமிழ் எனக்கு தோடா தோடாதான்.”

அப்படியானால் கையெழுத்துப் போட்டுத் தரலாமே என்றேன். என் அவசரம் எனக்கே அசிங்கமாக இருந்தது.

“நேர்ல தெரியும்னு அதுல போட்டுக்கிது இல்ல. பாக்காம எப்டிக்கா போடறது? அவரு கட்டுக்கட்டா வச்சி சைன் பண்ணுன்றாரு. நான்தான் முடியாதுன்னு நின்னுக்கினு இருக்கேன். நாளைக்கு வூட்டுக்கு வர்றேன்.”

மறுநாள் வரவில்லை. நான் அறையை மூன்று தடவை பெருக்கினேன். பிஸ்கட் வாங்கி வைத்தேன். படிக்கட்டில் ஏறுகிற ஒவ்வொரு காலும் என் மாடிக்கு ஒரு மாடி முன்னால் நின்றது. வெளிச்சம் சுவரில் ஏறி, ஜன்னல் கம்பியின் நிழலை நீட்டி, போய்விட்டது. அந்த அறையில் அதுவரை நான் தனியாக இருந்தேன். அன்றைக்குத்தான் ஒருவர் வராமல் இருந்தார்.

அதற்கு மறுநாள் காலையில், துணிப்பையோடு, மூச்சுவாங்கிக்கொண்டு தாயி வந்து நின்றார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். சங்கோசமே இல்லை. கேஸ் அடுப்பைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், சுவரோரம் அடுக்கிய நோட்டுகளைப் பார்த்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார, நான் பாயில் உட்கார்ந்தேன்.

காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவதுக்குப் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவராகவே அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, பையிலிருந்து லெட்டர்ஹெட்டை எடுத்தார். மராட்டியில் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். என்னிடம் காட்டிச் சரியா என்றார். கையெழுத்துப் போட்டார். பிறகு முத்திரையையும் எடுத்தார்.

“டிராயர்ல பூட்டி வச்சினு இருந்தாரு. நேத்து முழுக்க இதுக்குத்தான் சண்டை. எதுக்கு உனக்குன்னாரு. அதுல இருக்கறது என் பேருதானேன்னேன்.”

இனி சாவி யாரிடம் இருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவர் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். முனிசிபாலிட்டியில் ஏதாவது வேலையிருந்தால் வாங்க என்றார். வேலை இல்லாவிட்டால் வருவதற்கு அவர் வீட்டிலும் வழியில்லை, அது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அன்று மத்தியானமே ஆதார் மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர்காரர் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையைப் பார்த்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தார். வீட்டு எண், கட்டடம், சாலை, சிஞ்ச்வட். பிறகு நிறுத்தினார். பழைய விலாசத்தில் ‘கேர் ஆஃப்’ என்ற கட்டத்தில் என் கணவர் பெயர் இருக்கிறது, புதிதில் யார் பெயர் போடலாம் என்று கேட்டார்.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாமா என்றேன். விடலாம், ஆனால் பொதுவாக யாராவது ஒருவர் பெயர் போடுவார்கள் என்றார். அப்பா, மகன், அண்ணன், யாராவது. வரிசையில் பின்னால் இருந்தவர் உச்சுக்கொட்டினார். திரையில் அந்தக் கட்டத்துக்குள் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“காலியாவே இருக்கட்டும்” என்றேன், தமிழில். பிறகு இந்தியில் சொன்னேன். அவர் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார்.