தம்பி சித்தியடைந்த காதுப் பரிசோதனை

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரில் தங்கி வாழும் பிள்ளைக்குச் செவிப்புலன் குறைந்திருப்பதை அரசாங்கக் காது வைத்தியர் நேரில் பரிசோதித்து உறுதிப்படுத்துமிடத்து, செவிப்புலக் கருவியின் முழு விலையையும் மருத்துவ உதவித் திட்டம் மூன்று மாதத்துக்குள் செலுத்துதல் வேண்டும். பரிசோதனை நடைபெறும்போது பெற்றோர் அறைக்குள் இருத்தலாகாது.

விதி இவ்வளவுதான். அரசாங்கக் கந்தோர்களில் வேலை பார்த்த காலம் முழுக்க இதைவிட நீளமான, இதைவிட மோசமான விதிகளை நான் வாசித்திருக்கிறேன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் விடுவதாயில்லை. காதுக்குள்ளே கருவி பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு அரசாங்கக் காப்புறுதி காசு தருமா என்று கேட்டு, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் படிவமுமாக வருகிறார்கள். அந்தப் படிவங்களில் மேற்சொன்ன விதியின் பேரப்பிள்ளைகளைக் காண்கிறேன். மூக்கும் முழியும் அப்படியே இருக்கின்றன.

விதியின் இரண்டாவது வாக்கியத்தை எழுதியவர் அனுபவசாலி. தாய் தகப்பன் உள்ளே நின்றால் பிள்ளைக்குக் கண்ணைக் காட்டி, கேளாததுபோல் நடிக்க வைத்து, கருவியை வாங்கி விற்றுவிடுவார்கள் என்று பயந்திருக்கிறார். நியாயமான பயம். ஆனால் அக்காமாரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இருந்தது. அப்பாவுக்குப் புகையிலைத் தோட்டம். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆகவே விதி சொல்லும் உத்தியோகத்தர் அம்மா. தங்கி வாழ்ந்த பிள்ளைகள் இருவர்: ஐந்தாம் வகுப்பில் இருந்த நானும், என்னைவிட நான்கு வயது இளைய தம்பியும்.

எண்பத்திரண்டாம் ஆண்டு மாரியில் தம்பிக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரோடு திரும்பினான். காய்ச்சல் போகும்போது காதையும் கொண்டு போய்விட்டது. வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளை அவன். காது நின்ற பிறகும் கதை உடனே நிற்கவில்லை. மிதிப்பதை விட்ட பிறகும் கொஞ்சத் தூரம் ஓடுகிற சைக்கிளைப்போல ஓடிக்கொண்டிருந்தது. வார்ட்டில் இருந்த டொக்டர் அம்மாவிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, கருவியைக் கெதியாகப் போட்டால் பேச்சைக் காப்பாற்றலாம், நாள் சுணங்கினால் உள்ள சொற்களும் ஒவ்வொன்றாகப் போய்விடும்.

கருவி என்பது அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டி அளவான ஒரு பெட்டி. சட்டைப்பையில் இருக்கும், அதிலிருந்து ஒரு வயர் காதுக்குப் போகும். அதன் விலைக்கும் அப்பாவின் புகையிலைக்கும் எட்டாத தூரம். அம்மா விண்ணப்பம் எழுதினார், விதியின் இலக்கத்தையும் மேற்கோள் காட்டி.

இதற்கிடையில் வீட்டில் ஒரு பழக்கம் வளர்ந்தது. பின்னேரங்களில் நான் தம்பியை முன்னால் இருத்திப் பள்ளிக்கூடம் நடத்துவேன். நான் சத்தமில்லாமல் வாயை அசைக்க, அவன் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். முதலில் அது விளையாட்டு. பிறகு ஒருநாள் பெரியம்மா வந்து, "ராசா, சாப்பிட்டனியோ?" என்று கேட்டபோது, பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று நான் வாயசைத்தேன். "ஓம், புட்டு" என்றான் தம்பி. "ஆர் சொன்னது உவனுக்குக் காது கேக்காதெண்டு? ஊர்ச்சனத்துக்கு வாய் நீளம்" என்று பெரியம்மா திருப்தியோடு போனார். அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தார். என்னைக் கண்டிக்கவில்லை. அடுத்த முறை ஆட்கள் வந்தபோது, "போய்த் தம்பிக்கு நேரை நில்" என்று மெதுவாகச் சொன்னார். நாளடைவில் நாங்கள் இருவரும் அதில் கைதேர்ந்தவர்கள் ஆனோம். அவன் என் புருவத்தையே வாசிப்பான்.

பரிசோதனைக்கு அழைப்பு வந்தது எண்பத்துமூன்றாம் ஆண்டு பங்குனியில். மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து ரயிலில் வந்து அன்று இரவே திரும்பிவிடும் காது வைத்தியர் ஒருவர் இருந்தார். அவருடைய கையெழுத்துத்தான் செல்லும்.

அந்த வருடம் எனக்குப் புலமைப்பரிசில் சோதனை. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் ஒழுங்கையிலேயே அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேறு சிந்தனை கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளைக்கு முன்னால் கேள்வியை வைத்தால், அது எதற்கென்று கேட்காமல் விடை எழுதத் தொடங்கிவிடும். புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் அரசாங்கம் மாதாமாதம் காசு தரும் என்று அறிந்திருந்தேன். காதுப் பரிசோதனையில் சித்தியடைந்தால் அரசாங்கம் பெட்டி தரும் என்று நானாகவே விளங்கிக்கொண்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் அப்படியில்லை என்றும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியின் அந்த அறையில், செவிப்புலனை அளக்கும் யந்திரம் துணி போர்த்தபடி மூலையில் இருந்தது. அது திருத்தத்துக்குப் போகக் காத்திருந்தது. திருத்தத்துக்குப் போவதற்கும் ஒரு படிவம் உண்டு. யந்திரம் இல்லாத இடத்தில் மணியும் மனிதக் குரலும் போதுமென்று விதி இடம் கொடுத்திருந்தது. பிள்ளையை எதிர்ப்புறம் பார்க்க இருத்தி, பின்னால் நின்று மணி அடிக்க வேண்டும், சொற்கள் சொல்ல வேண்டும்.

"அம்மா வெளியிலை நிக்கவேணும். சட்டம்" என்றார் மணியோடு நின்ற சிற்றூழியர்.

அம்மா வெளியே போனதும் தம்பி அழுது குளறத் தொடங்கினான். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். வைத்தியர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அந்தப் பெட்டையை முன்னாலை இருத்துங்கோ. அக்காவைப் பாத்துக்கொண்டு இருக்கட்டும். பிள்ளை, சத்தம் கேட்டால் கை தூக்கவேணும் எண்டு தம்பிக்குச் சொல்லு."

சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். பின்னேரப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது என்று இருவருக்கும் விளங்கியது.

சிற்றூழியர் மணியை அடித்தார். நான் புருவத்தை உயர்த்தினேன். தம்பி கையை உயர்த்தினான். இரண்டு அடி பின்னால் போய் அடித்தார். புருவம், கை. இன்னும் பின்னால் போய் மெல்லமாய் அடித்தார். புருவம், கை. வைத்தியர் தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே சொற்களைச் சொன்னார். பூனை. பால். அம்மா. நான் வாயசைத்தேன், அவன் கணீரென்று சொன்னான். மாடு என்றதற்கு மட்டும் பாடு என்றான். இரண்டுக்கும் உதடு ஒரேமாதிரித்தான் மூடித் திறக்கும். ஒரு புள்ளி போய்விட்டதே என்று நொந்துகொண்டேன்.

வைத்தியர் முத்திரையைக் குத்தினார். "உவனுக்குக் காது நல்லாக் கேக்குது. கதைதான் கொஞ்சம் தெளிவில்லை. வயசோடை வந்திடும். அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ."

நான் வெளியே ஓடினேன். "அம்மா, தம்பி பாஸ்! ஒரே ஒரு பிழைதான்!"

வாங்குகளில் உட்கார்ந்து காத்திருந்த சனம் சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

"என்ன செய்தனீ?"

சொன்னேன். புருவத்தையும் செய்து காட்டினேன். அம்மா எங்கள் இருவரையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, வரிசையை மீறி உள்ளே போனார். வரிசையை மீறுகிற பெண் அல்ல அவர்.

"டொக்டர், பிள்ளைக்கு ஒண்டும் கேக்காது. இவள்தான் காட்டிக் குடுத்திருக்கிறாள்."

"ரீச்சர், உங்களைப்போலை எத்தினை தாய்மாரைப் பாத்திட்டன்" என்றார் வைத்தியர், கோபமில்லாமல். "ஆளை வெளியிலை நிப்பாட்டுறதே உதுக்குத்தானே."

"நீங்களே பாருங்கோ."

அம்மா தம்பியைத் திருப்பி நிறுத்தினார். அவனுக்கு எதிரே நான் நின்றேன். அம்மா பின்னால் போய், பலங்கொண்ட மட்டும் இரண்டு கையையும் தட்டினார்.

நான் ஒன்றும் செய்யவில்லை. இன்றைக்கும் அதைச் சத்தியம் செய்து சொல்வேன். புருவத்தை அசைக்கவில்லை. ஆனால் சத்தம் வந்த பக்கம் என் கண் போய்விட்டது. யாருடைய கண்தான் போகாது? என் கண் போன பக்கம் தம்பியும் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியளோ" என்றார் வைத்தியர்.

வெளியே வந்தபோது சிற்றூழியர் இரங்கினார். "கையெழுத்து வைச்சால் அது வைச்சதுதான் ரீச்சர். இனி மேன்முறையீடு எழுதுங்கோ. காரணம் காட்டவேணும். சும்மா எழுதினால் குப்பைக்குள்ளை போடுவினம்."

பஸ்ஸில் அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அடி விழும் என்று பார்த்தேன், விழவில்லை. இரவு சாப்பிடும்போது அப்பாதான் வாய் திறந்தார்.

"ஊரெல்லாம் பிள்ளையள் பெயிலாகினதுக்கு அழுகினம். எங்கடை வீட்டிலை பாஸானதுக்கு அழ வேண்டிக் கிடக்கு."

யாரும் சிரிக்கவில்லை. சொன்ன அவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்கு ஒருவாறு விளங்கியது, பெட்டி பெயிலானவர்களுக்குத்தான் என்று. இப்படியொரு சோதனையை ஏன் வைக்கிறார்கள் என்று அரசாங்கத்தின் மீதே எனக்குக் கோபம் வந்தது.

அந்தக் கிழமை முழுக்க அம்மா மேன்முறையீட்டை எழுதினார். காபன் தாள் வைத்து எழுதி, கிழித்து, மறுபடி எழுதினார். வழக்கமாக அம்மா எழுதும் கடிதங்களை நான்தான் எழுத்துப் பிழை பார்த்துக் கொடுப்பேன், அது எனக்கு ஒரு பெருமை. இதை மட்டும் காட்டவில்லை. தபாலில் போட்டுவிட்டு வந்து, "இனிமேல் ஆக்கள் வந்தால் நீ பின்னாலை நிண்டு ஒண்டும் காட்டப்படாது" என்றார்.

"ஏன்?"

"சொல்லுறதைக் கேள்."

அடுத்த முறை பெரியம்மா வந்தபோது தம்பி என்னைத் தேடினான். நான் அறைக்குள் இருந்தேன். அவன் திருதிருவென்று முழித்தான். "அவனுக்குக் காது கேக்காது அக்கா" என்று அம்மா கூடத்தில் நின்று சொல்வது கேட்டது. நானும் தம்பியும் இத்தனை நாள் கட்டிக் காத்ததை ஒரு வாக்கியத்தில் உடைத்துவிட்டாரே என்று நினைத்தேன்.

மேன்முறையீட்டுக்கு மூன்று மாதத்தில் விடை வர வேண்டும். நாலாவது மாதம் ஆடி. அந்த ஆடியில் கொழும்பில் தமிழருக்கு நடந்தவற்றுக்குப் பிறகு ஒரு பிள்ளையின் காதைப் பற்றி எந்தக் கந்தோரில் யாரைப் போய்க் கேட்பது? காது வைத்தியர் வருவதும் நின்றது. அம்மா மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

தம்பியின் சொற்கள் வார்ட் டொக்டர் சொன்னபடியே போயின. ஆனால் ஒழுங்கோடு போயின என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. உதட்டில் தெரிகிற சொற்கள் கடைசிவரை நின்றன: அம்மா, அப்பா, பூனை, பால். தொண்டைக்குள் பிறக்கிறவை முதலில் போயின. அக்கா என்ற சொல் அந்த ஐப்பசிக்குள் போய்விட்டது. அதன் பிறகு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் வந்து தோளில் தட்டுவான். எண்பத்துநான்காம் ஆண்டு தையில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அங்கே கையால் கதைக்கப் பழகி, வீட்டுக்கு வந்து எனக்குப் படிப்பித்தான். பொல்லாத வாத்தியார். பிழை விட்டால் குட்டு விழும்.

விடை கடைசியில் வந்தது. நீளமான கபில நிறக் கடித உறை, உள்ளே ஒரு தாள், முழுக்கச் சிங்களத்தில். தமிழில் எழுதியவருக்குத் தமிழில் பதில் எழுத வேண்டும் என்பதற்கும் ஒரு விதி இருந்தது, அதை விடுவோம். எங்கள் ஒழுங்கையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர் தென்பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவர்தான். அம்மா கடிதத்தையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவர் கண்ணாடியைப் போட்டு, ஒருமுறை தனக்குள் வாசித்துவிட்டு, அம்மாவைப் பார்த்தார்.

"மேன்முறையீட்டை ஏற்கினமாம். மறுபரிசோதனைக்குப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டரட்டாம். ஆனால் பாருங்கோ ரீச்சர், சொன்ன திகதி போய் ஆறு கிழமையாச்சு."

"வேறை என்ன எழுதியிருக்கினம்?"

அவர் தயங்கினார். "பரிசோதனையிலை கேக்கிறமாதிரி நடிக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்கினது நீங்கள்தான் எண்டு கையெழுத்து வைச்சு எழுதிக் குடுத்திருக்கிறியளாம். அந்த வாக்குமூலத்தை உங்கடை சொந்தக் கோவையிலை சேர்த்திட்டினமாம்." கண்ணாடியைக் கழற்றினார். "ரீச்சர், உது உண்மையோ?"

ஓர் ஆசிரியையின் சேவைப் பதிவுகளை வைத்திருக்கும் சொந்தக் கோவையில் ஏறிய தாள் அவர் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருக்கும் என்பதும், பள்ளிக்கூட அதிபர் நியமனத்துக்குப் பெயர்கள் போகும்போது முதலில் புரட்டுவது அந்தத் தாளைத்தான் என்பதும் தபாலதிபருக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

"ஓம் ஐயா" என்றார் அம்மா. "நான்தான் பழக்கினனான்."

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை நெரித்தார்.

பொய் சொன்ன பிள்ளைகளை வகுப்பில் வெய்யிலில் நிறுத்துகிறவர் என் அம்மா. அவர் ஒரு பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்து, கண் இமைக்காமல், அப்படியொரு பொய்யைச் சொன்னார். வீடு வரும்வரை நான் அவரோடு கதைக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த நாளும் கதைக்கவில்லை. அம்மா தான் செய்த பிழையைத்தான் சொன்னார் என்றோ, என் பிழையையும் அதற்குள் வைத்து மூடினார் என்றோ எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா பொய் சொல்லலாம், நான் சொன்னால் மட்டும் அடியா என்று கேட்க ஒரு நல்ல சந்தர்ப்பம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்று மாதத்தில் வந்திருக்க வேண்டிய அந்தக் கடிதத்தின் உறையில் எங்கள் ஊர்த் தபாற்கந்தோர் குத்திய முத்திரை தெளிவாக இருந்தது: 1985ஆம் ஆண்டு, வைகாசி மாதம், ஒன்பதாம் திகதி.